ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓராண்டு வியாபாரம்

கோவை அவினாசி சாலையில் ஒரு நட்சத்திர ஹோட்டல். ஞாயிறு காலை ஒன்பது மணி. பம்ப்செட் நிறுவனம் ஒன்றின் டீலர் மீட். அரங்க வாசலில் ஒரு மேசை, கோட் போட்ட இரண்டு பெண்கள், ஆங்கில அகரவரிசையில் அச்சடித்த பட்டியல். அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்து நின்று கடையின் பெயரையும் ஊரையும் சொல்கிறார். “உங்க நேம் சொல்லுங்க சார்” என்கிறார் மேசையில் இருப்பவர். சொல்கிறார். பட்டியலில் இல்லை. இனிஷியலை முன்னால் போட்டு வேறு எழுத்தில் தேடுகிறார்கள். அங்கும் இல்லை. ஜிஎஸ்டி பதிவு மகன் பெயரில் இருப்பதால் பட்டியலிலும் மகன் பெயர்தான் ஏறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் வரிசை லிஃப்ட் வரை நீண்டுவிட்டது.

உள்ளே மேடையின் முழு அகலத்துக்கும் எல்இடி திரை. நிறுவனத்தின் லோகோ அதில் சுழன்று சுழன்று வருகிறது. பல வருடமாக அந்த லோகோ போட்ட மோட்டாரைத் தன் ஊரில் விற்றுக்கொண்டிருக்கும் மனிதர், தான் யார் என்பதை வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நிறுவன விழா என்றதும் நம்மவர்களின் யோசனை மேடையில்தான் தொடங்குகிறது. எந்த நடிகரைக் கூப்பிடலாம், திரை எத்தனை அடி, எம்.சி. யார், எம்.டி. எந்தப் பாட்டுக்கு உள்ளே நுழைவார் என்றே பேச்சு போகும். பணத்தில் பெரும்பகுதியும் அங்கேயே கரைகிறது. விழா ஜெயிப்பதும் தோற்பதும் மேடைக்கு எதிர்ப்பக்கம் என்பது என் உறுதியான கருத்து. வருகிறவர் முந்தைய இரவு பஸ் ஏறுவதிலிருந்து மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும் வரை அவருடைய நேரம் எப்படிப் போகும் என்று மணிவாரியாக யோசித்தவர்கள் நடத்தும் விழாதான் அடுத்த ஓராண்டு வியாபாரத்தில் தெரியும்.

அந்த வாசல் மேசையையே எடுத்துக்கொள்வோம். பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, ஊருக்குக் கீழே கடைப் பெயரைத் தமிழில் போட்டால் பாதி வேலை முடிந்தது. மாவட்டத்துக்கு ஒரு மேசை, ஒவ்வொரு மேசையிலும் அந்த ஏரியாவைப் பார்க்கும் சேல்ஸ் ஆள். மாதாமாதம் கடைக்குப் போய் ஆர்டர் எடுக்கிறவருக்குப் பட்டியலே வேண்டாம், தூரத்தில் வரும்போதே “வாங்கண்ணே, அண்ணி வரலயா?” என்று கேட்டு பேட்ஜை எடுத்துவிடுவார். இதற்கு ஒரு ரூபாய்கூட அதிகச் செலவில்லை. ஆனால் பல நிறுவனங்களில் அன்றைக்குப் பார்த்து சேல்ஸ் ஆட்களுக்கெல்லாம் ஒரே நிற டீஷர்ட் மாட்டி, எம்.டி.யை வரவேற்க போர்ட்டிகோவில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆண்டு விழா, குடும்ப விழா, புதுப் பொருள் அறிமுகம் என்று நிறுவன விழாக்களில் பல வகை உண்டு. டீலர் மீட்டைப் பற்றி விரிவாகப் பேசக் காரணம் இருக்கிறது. ஊழியர் சம்பளத்துக்காகவாவது உட்கார்ந்திருப்பார். டீலருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர் கடையில் உங்கள் பொருளுக்குப் பக்கத்து அலமாரியிலேயே போட்டி நிறுவனத்தின் பொருளும் இருக்கிறது. கோவையின் பம்ப்பும் கிரைண்டரும், திருப்பூரின் பின்னலாடையும், சிவகாசியின் பட்டாசும் காலண்டரும் இப்படிக் கடை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் வாய்ச்சொல்லில்தான் விற்கின்றன. “இதை எடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்” என்று கவுன்டரில் அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

ஆகவே முதல் கேள்வி, எதற்காக இந்த விழா? புது மாடலை அறிமுகப்படுத்தவா, சீசன் ஆர்டர் பிடிக்கவா, சர்வீஸ் சரியில்லை என்று போன வருடம் எழுந்த கோபத்தை ஆற்றவா? மூன்றையும் ஒரே நாளில் செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள் மூன்றையும் அரைகுறையாகச் செய்கிறார்கள். இந்தக் கேள்வியை வருமான வரித் துறையும் கேட்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2022 ஜூலை 1இல் 194ஆர் பிரிவாக நடைமுறைக்கு வந்த விதியின்படி, தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்தம் செய்ய வேண்டும். டீலர் கூட்டத்துக்கு என்ன கணக்கு என்று 2022 ஜூன் மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. புதுப் பொருளை விளக்குவது, ஆர்டர் வாங்குவது, விற்பனை முறை சொல்லித்தருவது, சந்தேகம் தீர்ப்பது, கணக்கு நேர்செய்வது ஆகியவை முக்கிய நோக்கமாக இருந்தால் அந்தச் செலவு டீலருக்குக் கிடைத்த சலுகையாகாது. டார்கெட் முடித்தவர்களுக்கு மட்டும் வெகுமதியாக நடத்தினால் சலுகைதான். சுற்றுலாப் பகுதியும், உடன் வரும் குடும்பத்தாருக்கான செலவும் அப்படியே.

பாங்காக் ட்ரிப்பும் தங்கக் காசும் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து டீலரின் ஆடிட்டர் அவரிடம் சொல்வார். “எனக்குத் தெரியாம என் கணக்குல என்னத்தயோ ஏத்திட்டாங்க” என்ற மனத்தாங்கலைப் பரிசுப் பொருளின் மதிப்பு துடைக்காது. பரிசோடு ஒரு சின்னக் குறிப்புச் சீட்டு: மதிப்பு இவ்வளவு, வரி இவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள் என்று. அது போதும்.

தேதியில்தான் பாதி விழா

சிவகாசி காலண்டர் அச்சகத்தார் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுகிறார்கள். நாள் நல்ல நாள் என்பதோடு, அச்சடித்து டிசம்பருக்குள் ஊர் ஊராக அனுப்ப வேண்டும் என்றால் ஆர்டர் அப்போதே வரத் தொடங்க வேண்டும். வியாபாரத்தின் சுழற்சியும் ஊரின் பஞ்சாங்கமும் ஒன்றாகப் பொருந்தும் தேதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பம்ப்புக்குக் கோடை சீசன். கூட்டம் அதற்கு முன்பே முடிந்து சரக்கு கடைக்குப் போயிருக்க வேண்டும். பெயின்ட் என்றால் தீபாவளி, பொங்கல் வெள்ளையடிப்புக்கு முன்.

கிழமை என்று பார்த்தால் ஹார்டுவேர் கடைக்காரருக்கு ஞாயிறுதான். மற்ற நாளில் கூப்பிட்டால் கடையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்து அரங்கத்தில் போனும் கையுமாக இருப்பார். ஞாயிறு மாலை விழா என்றால் 4.30 முதல் 6 வரை ராகு காலம், விளக்கேற்றுவதை 4.45க்கு வைத்துவிட்டு முதலாளியின் அம்மா வர மறுத்தபின் அழைப்பிதழை மறுபடி அச்சடிப்பதில் பயனில்லை. நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பார்கள் என்றால் பார்த்துவிடுவது மரியாதை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபங்களும் ஹோட்டல் அரங்கங்களும் காலியாகக் கிடக்கும். வாடகையில் பேச இடமுண்டு. கார்த்திகை முதல் பொங்கல் வரை மாலை போட்ட சாமிகள் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் தனிச் சமையல், தனிப் பரிமாறல். அந்த மாதங்களில் இரவு விருந்தில் மது வைப்பது அவர்களை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். புரட்டாசி சனிக்கிழமையும் அப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியதையும் பார்த்தபிறகும் அந்த மாதத்தில் புல்வெளியில் பந்தல் போடலாம் என்று சொல்கிறவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

முந்தின நாள் அதே அரங்கத்தில் கல்யாண ரிசப்ஷன் இருக்கிறதா என்று விசாரிக்காமல் முன்பணம் கட்டக் கூடாது. சனி இரவு ரிசப்ஷன் முடிந்து, பூ அலங்காரத்தைப் பிரித்து, தரையைக் கழுவி உங்கள் ஆட்கள் கையில் அரங்கம் வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டமான டிரஸ்ஸைக் கட்டி, எல்இடி ஏற்றி, ஸ்பீக்கர் வைத்து, வயர் இழுத்து, ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். ரிகர்சல் இல்லாமல் போன விழாக்களில் பலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு ரிசப்ஷன்தான்.

அரங்கமும் அபாயமும்

“ஆயிரம் பேர் உட்காரலாம்” என்று மேலாளர் சொல்வது நாற்காலிகளை சினிமா தியேட்டர் போல வரிசையாகப் போட்டால். வட்ட மேசை போட்டால் கிட்டத்தட்ட பாதிதான். மேடை, திரை, ஒலி-ஒளிக் கன்சோலுக்கான இடம் போக மிச்சம் இன்னும் குறையும். கல்யாண மண்டபத்தில் இன்னொரு சிக்கல்: டைல்ஸ் சுவர், கான்கிரீட் கூரை. நாதஸ்வரம் அங்கே கணீரென்று கேட்கும். பேச்சு எதிரொலித்துக் குழம்பும். பின்வரிசையில் நின்று, மைக்கில் ஒருவரைப் பேசச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

மின்சாரம் பற்றியும் ஒன்று. அரங்கத்தின் ஜெனரேட்டர் விளக்குக்கும் ஏசிக்கும் என்று வைத்தது. எல்இடிக்கும் ஒலிக்கும் தனி ஜென்செட் கேளுங்கள். கரன்ட் போய் ஜென்செட் எடுக்கும் அந்தச் சில விநாடிகள் போதும், லேப்டாப்பும் கன்சோலும் திரையை இயக்கும் பெட்டியும் அணைந்து மறுபடி உயிர் பெற நிமிடங்கள் ஆகும். அவற்றுக்கு யுபிஎஸ் கட்டாயம்.

இப்போது சொல்வதை விழாக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2024 ஜனவரி 18. ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்டெக்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வெள்ளி விழா. நிறுவனரையும் இன்னொரு உயரதிகாரியையும் கூண்டு ஒன்றில் நிறுத்தி, மேலேயிருந்து மேடைக்கு இறக்குவதாக ஏற்பாடு. இறங்கும்போது கூண்டைத் தாங்கிய சங்கிலி ஒரு பக்கம் அறுந்தது. இருவரும் ஊழியர்கள் கண் முன்னால் கீழே விழுந்தார்கள். நிறுவனர் இறந்துபோனார். மற்றவருக்குப் படுகாயம். இருபத்தைந்து ஆண்டு உழைப்பைக் கொண்டாட வந்த நாள் அது. ஆளைத் தொங்கவிடும், ஏற்றி இறக்கும் எந்த ‘என்ட்ரி’யும் வேண்டாம் என்று சொல்ல இதைவிடக் காரணம் தேவையில்லை. எம்.டி. நடந்தே வரட்டும், டீலர்களுக்கு நடுவிலிருந்து கைகொடுத்தபடி. தலைக்கு மேலே தொங்கும் டிரஸ்ஸின் எடை தாங்கும் அளவை எழுத்தில் வாங்குங்கள். அவசர வழிக் கதவுகளை மறைத்துத் திரைச்சீலையும் ஸ்டாண்டியும் வைத்திருந்தால் அன்று காலையே எடுக்கச் சொல்லுங்கள்.

அனுமதி விஷயங்களில் இரண்டு. திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சினிமாப் பாட்டு போடுவதற்குத் திருமணக் கொண்டாட்டங்களுக்கு உள்ள விலக்கு நிறுவன விழாவுக்குக் கிடையாது. உரிமம் வாங்கியாக வேண்டும்.

பேச்சைக் குறைத்துக் காதைக் கொடுங்கள்

நிகழ்ச்சி நிரலில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி. அது மட்டும்தான் சொன்ன நேரத்தில் முடிகிறது. வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கும், பதினைந்து ஆகும். மேடையில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. விருது வாங்கும் டீலர்கள் அறுபது பேர் என்றால், பெயர் அழைத்து, எழுந்து நடந்து, படியேறி, ஷீல்டு வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து இறங்க ஆளுக்கு ஒரு நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம். இதைக் கணக்குப் போடாமல் “அவார்ட்ஸ் 20 நிமிடம்” என்று எழுதுகிறார்கள். தாமதத்தைச் சரிக்கட்ட எதை வெட்டுகிறார்கள் தெரியுமா? டீலர்கள் பேசும் நேரத்தை.

அந்த நேரத்துக்காகத்தான் அவர் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தார். காயில் கருகிய மோட்டாருக்கு வாரன்டி ஏன் மறுக்கப்பட்டது, ஸ்பேர் வர ஏன் மூன்று வாரம், தன் கடையிலிருந்து ரெண்டு கிலோமீட்டரில் இன்னொருவருக்கு ஏன் டீலர்ஷிப் கொடுத்தார்கள், ஆன்லைனில் தன் வாங்கும் விலைக்கும் குறைவாக எப்படி விற்கிறார்கள். சேல்ஸ் ஆளிடம் நூறு தடவை சொன்னதை முதலாளி காதில் ஒரு தடவை போட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் பாதிப் பேர் கண் அயர்ந்திருப்பார்கள், மீதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள். முதலாளியும் சர்வீஸ் தலைவரும் அக்கவுன்ட்ஸ் தலைவரும் மேடையிலிருந்து இறங்கி நாற்காலி போட்டு உட்காரட்டும். கார்ட்லெஸ் மைக் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளட்டும், கடைப் பெயரோடும் போன் எண்ணோடும். பதில் தெரியாததற்கு “இத்தனாம் தேதிக்குள் சொல்கிறோம்” என்றால் போதும். பெரிய கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக மாவட்டவாரியாகச் சின்னச் சின்ன வட்டங்களாகவும் நடத்தலாம். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்லது.

மேடையில் என்ன மொழி? தேனியிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் வந்தவர்களிடம் தமிழ் தெரிந்த எம்.டி. ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. திரையில் போடுவதும் தமிழில் இருக்கட்டும். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த ஸ்லைடு, கன்சோலில் இருக்கும் வேறு லேப்டாப்பில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். முந்தின இரவே அந்தத் திரையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அறை, இலை, ஆள்

நாகர்கோவிலிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ இரவு வண்டி ஏறுகிறவர் கோவையில் விடியற்காலை இறங்குவார். ஹோட்டலின் செக்-இன் நேரம் பகல் 12 அல்லது 2. இடையில் அவர் எங்கே பல் விளக்குவார், எங்கே குளிப்பார்? முந்தின இரவிலிருந்தே சில அறைகளை எடுத்துவைத்து, பத்துப் பேருக்கு ஓர் அறை என்று குளித்து உடைமாற்ற ஏற்பாடு செய்தால், அவர் காபி குடித்துவிட்டுத் தெம்பாக வந்து உட்காருவார். செய்யாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டு, கசங்கிய சட்டையோடு உங்கள் குளிர் அரங்கத்தின் கடைசி வரிசையில் ஒதுங்குவார்.

சாப்பாட்டில் ருசியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு வரிசையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு பஃபே வரிசையில் நிமிடத்துக்கு நாலு பேர் நகர்ந்தால், 500 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஐந்து வரிசை போட்டால் 25 நிமிடம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் கூட்டத்தில் ஏராளம், 1.30க்கு மேல் அவர்களைக் காக்கவைப்பது தப்பு. இடம் இருந்தால் நான் இலைச் சாப்பாட்டையே சொல்வேன். உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் முதலாளி பந்தி வரிசையில் நடந்து “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க” என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்க முடியும்.

ஹோட்டலில் குறைந்தபட்ச பிளேட் எண்ணிக்கைக்கு உறுதி கேட்பார்கள். வருகிறேன் என்றவர்கள் எல்லோரும் வருவதில்லை. சேல்ஸ் ஆட்கள் இரண்டு நாள் முன்பு போனில் பேசி உறுதிசெய்த எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். மிஞ்சினால், 2014இல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் வந்து எடுத்துப் போகும். சாம்பார் புளிப்பதற்கு முன், பந்தி முடிந்த கையோடு கூப்பிட வேண்டும்.

டிரஸ் ஏற்றும் பையன்கள், எல்இடி பேனலை ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டுகிறவர்கள், டீலர்களை அழைத்துவந்த வேன் டிரைவர்கள், பாத்ரூம் வாசலில் நிற்கும் துப்புரவுப் பெண்கள். இவர்களுக்கான சாப்பாடு எத்தனை பட்ஜெட்டில் இருக்கிறது? இரவு முழுக்க வேலை செய்த பையன் பகல் மூன்று மணிக்குப் பொட்டலம் தேடி அலைவதைப் பல இடங்களில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதே பையன்தான் இரவு விழா முடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் உயரத்தில் ஏறி நட்டுகளைக் கழற்றப் போகிறவன். விருந்தினர் எண்ணிக்கையோடு இவர்கள் எண்ணிக்கையையும் சேர்த்தே சமையலுக்குச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: ஈவென்ட் நிறுவனம் தரும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாட்டுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டையும் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் கடைசி வாரத்தில் துண்டு விழும்; அப்போது கை வைப்பது சாப்பாட்டிலும் அறையிலும்தான். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் மேடைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யலாம்.

திங்கட்கிழமை காலையில் ஈவென்ட் நிறுவனம் பில்லோடு வரும், போட்டோகிராபர் ஆல்பத்தோடு வருவார். அதற்கு முன்னால் மேசைக்கு வர வேண்டியது டீலர்கள் சொன்ன குறைகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான ஆளின் பெயர், ஒரு தேதி. அந்த வாரத்திலேயே கேட்டவருக்கு சர்வீஸ் தலைவரிடமிருந்து போன் போக வேண்டும். ஸ்பேர் அனுப்பியிருந்தால் லாரி ரசீது எண்ணோடு. முடியாதது என்றால் முடியாது என்றும், ஏன் என்றும். வாசலில் பெயர் கிடைக்காமல் நின்றவர்கள் யார் யார் என்று வரவேற்பு மேசையில் இருந்தவர்களிடம் கேட்டு வாங்கி, அவர்களுக்கு முதலாளியே பேசலாம். மாதம் முடியும்போது அந்தப் பட்டியலில் எத்தனை அடிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த வருட விழாவுக்கான முதல் கூட்டத்தை அந்தக் காகிதத்தை நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.